கொம்பியூட்டர் தடுத்த கலியாணம்

என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள், எழுதிய புரோகிராம் பிழையாக ஓடினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு என்ன நடந்துவிடும்? மிஞ்சிப்போனால் மேலாளர் நாலு வார்த்தை ஏசுவார். நான் ஊரில் இயக்கிய முதல் புரோகிராம் என் கலியாணத்துக்கே உலை வைத்தது. அதை எழுதியதுகூட நானில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்துக்குக் கொழும்பு வியாபாரி ஒருவர் கொம்பியூட்டர் ஒன்றை அன்பளிப்புச் செய்தார். கொழும்பில் கொஞ்சக்காலம் படித்துவிட்டு வந்தவன் என்று அதை இயக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். சங்கத்தில் மனிதர் இருக்கும் அறைகளுக்கு மின்விசிறிகூடக் கிடையாது. அந்தப் பெட்டிக்குக் குளிரூட்டி பூட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். தலைவரின் மனைவி லேஸ் வைத்த உறை ஒன்று தைத்து அனுப்பினார். பாதி நாள் கரண்ட் இருக்காது. அப்போதும் ஆட்கள் வந்து உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போவார்கள். என்னை எவரும் அப்படி வந்து பார்த்ததில்லை.

ஊரிலுள்ள குடும்பங்களையெல்லாம் குடிவாரியாகப் பதிவதுதான் அதற்குக் கொடுத்த முதல் வேலை. எங்கள் கரையில் குடி என்பது தாய்வழி வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. ஒரே குடிக்காரர் உடன்பிறப்பு முறை, தங்களுக்குள் கலியாணம் முடிக்கமாட்டார்கள். வீடும் பெண்வழிதான். மகளுக்கு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பிலிருந்து புரோகிராம் எழுதி அனுப்பிய மனிதருக்குத் தெரியாது. அவருடைய புரோகிராம் குடும்பத் தலைவரின் குடியை ஒருமுறை கேட்கும். பிறகு அந்த வீட்டிலுள்ள எல்லோர் தலையிலும் அதே குடியைக் கட்டிவிடும். தலைவர் என்றால் ஆண் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார்.

பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. தபாற்கந்தோருக்குப் போய்க் காத்துக்கிடந்து, கொழும்புக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். புரோகிராமில் பிழையே இல்லை, உங்கள் வழக்கத்தில்தான் ஏதோ குழப்பம் இருக்கிறது என்றார் அவர். நானே திருத்திவிடுகிறேன் என்று சங்கத் தலைவரிடம் கேட்டேன். கொழும்பார் செய்ததில் ஊர்ப் பொடியன் கை வைத்தால் பெட்டி பழுதாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். இவ்வளவு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தபிறகும், அந்த இரண்டு பதில்களைத்தான் வேறு வேறு மொழிகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரின்டர் நாள் முழுக்கக் கீச்சிட்டு, இரு ஓரமும் துளை போட்ட தாளில் ஊரையே அடித்துத் தள்ளியது. அந்தத் துளைகளுக்கே தனி மரியாதை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப்போனார்கள். பெயர் சரியா என்று பார்த்தார்கள். குடி மாறியிருப்பதைக் கண்டவர்கள், நம்முடையதில் மட்டும் சின்னப் பிசகு, மற்றவர்களுடையது சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண் இரண்டு தெரு தள்ளி, ரைஸ் மில்காரரின் மகள். பாடசாலை நாளிலிருந்தே எனக்கு அவளில் விருப்பம். அவளுக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கென்று கட்டிய வீட்டுக்குக் கூரையும் போட்டாயிற்று. காவின் எழுதிக் கலியாணத்தை முடிக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. அவள் வாப்பாவும் என் வாப்பாவும் ஒரே குடி. எங்கள் முறைப்படி அதனால் ஒரு தடையும் இல்லை, ஏனென்றால் உம்மாமார் வேறு வேறு குடி. ஆனால் தாளில் எங்கள் இருவருக்கும் வாப்பாமாரின் குடி விழுந்திருந்தது. மில்காரர் எங்கள் வீட்டுப் பக்கத்தையும் வாங்கி ஒத்துப்பார்த்து அதைக் கண்டார். மறுநாளே மேசன்மாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்; சுவர் பூச்சு அரைகுறையில் நின்றது.

நான் ஓடிப்போய் விளக்கினேன். மில்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க மாப்பிள்ள. நீங்க அப்பிடித்தான் கதைப்பீங்க. அந்தப் பெட்டிக்குக் குடியுமில்ல, குடும்பமுமில்ல. அது ஏன் பொய் சொல்லணும்?"

என் உம்மாவின் குடி என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் மனைவியின் குடியும் தெரியும். தெரிந்ததையெல்லாம் மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாளை நம்பினார். சங்கத்தாரும் கையை விரித்துவிட்டார்கள். சம்மாந்துறையிலிருந்து அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டியை உறையோடு தூக்கிக் கடலில் போடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். அதன் பாரம்தான் தடுத்தது.

கடைசியாக என் மாமாவைக் கூட்டிக்கொண்டு மீண்டும் மில்காரர் வீட்டுக்குப் போனேன். உம்மாவின் தம்பி அவர், நாலு பேரிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர். முன்மண்டபத்தில் உட்கார்ந்தோம். மில்காரர் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மாமா பேசினார், நான் பேசினேன். அவர் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. தாளில் இருக்கிறதே, தாளில் இருக்கிறதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அந்தத் தாளில் தன் பெயரும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் மில்காரர். தனக்கு என்ன குடி போட்டிருக்கிறது என்று கேட்டார். மில்காரர் குனிந்து தேடினார். அந்த வரியை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை போலும். வாசித்தார். வீட்டிலுள்ள எல்லோருக்கும் போட்டதுபோல, மனைவிக்கும் அவருடைய குடியே விழுந்திருந்தது.

"அப்ப நான் உங்கட தங்கச்சி," என்றார் எனக்கு மாமியாக வரவேண்டியவர். "தங்கச்சிட ஊட்டுல இத்தின வருஷமா என்ன செய்றீங்க?"

மாமா இருமுவதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். சிரித்தால் கலியாணம் போய்விடும் என்ற பயத்தில் எனக்கு வியர்த்தே விட்டது.

மில்காரர் தாளை மடித்தார். ஓரத்துத் துளைகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பவர்போல நேரம் எடுத்து மடித்தார். பிறகு உள்ளே பார்த்து, தாழ்ந்த குரலில் தேத்தண்ணி கேட்டார்.

"தங்கச்சிட்டயா கேக்கிறீங்க, பொஞ்சாதிட்டயா?"

"பொஞ்சாதிட்டத்தான்," என்றார் மில்காரர்.

"அப்ப புள்ளைர காவினுக்கு நாளச் சொல்லுங்க. தேத்தண்ணி வரும்."