தனலெட்சுமி பார்க்காத சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. தனலெட்சுமியின் தம்பி பேசினார். "அக்கா தவறிட்டாங்க. நாளைக்கு எடுக்கிறோம்" என்றார். மாரடைப்பாம். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, கையில் இருந்த சீட்டுகளை அடுக்கி முடித்தேன். அழுகை வரவில்லை. எனக்கும் அவளுக்கும் அப்படிப்பட்ட நெருக்கம் இருந்ததில்லை.

இரங்கல் எழுத்தில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், யாரோ தலைமையாசிரியரைப் பற்றி எழுதுவது போல் இருந்தது. நாங்கள் ஒரே வயதுக்காரிகள். கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் நூல் பிரிவில் ஏழு வருடம் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று வாடி போடி என்று பேசியவர்கள். எனவே அவள் என்றே எழுதுகிறேன். அந்தக் கடைக்கு வந்து போனவர்களுக்கெல்லாம் தனத்தின் நிறம் பார்க்கும் கண்ணைப் பற்றித் தெரியும். அந்தக் கண் ஒரே ஒரு முறை ஏமாந்தது என்ற பேச்சும் தெரியும். அந்தப் பேச்சைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கிராஸ் ஸ்டிச் பூத்தையல் பைத்தியம் பரவியது. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் மயில், அன்னம், ரோஜாக் கூடை. கல்யாணம் நிச்சயமான பெண் தன் கையால் ஒரு படம் தைத்து, கண்ணாடி போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாமியார்மார்கள் நகையைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தார்கள். நூலில்தான் சிக்கல். மாதிரித் தாளில் இருப்பது பிரெஞ்சு நூலின் எண். அந்த நூல் கோலாலம்பூரிலிருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மற்றக் கம்பெனி நூல்களுக்கு வேறு எண்கள். இந்த எண்ணுக்கு அந்த எண் என்று காட்டும் அட்டவணை ஒன்று கடையில் இருந்தது. அச்சடித்தது, பார்க்க அழகாக இருக்கும்.

தனம் அதை நம்பியதே இல்லை. அட்டவணை சொல்லும் நூலையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலில் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடிக்குப் போய்விடுவாள். வெயில் விழும் ஓரத்தில் நின்று, ஒவ்வொன்றிலும் இரண்டு இழை பிரித்து, துண்டுத் துணியில் நாலு தையல் போட்டுப் பார்ப்பாள். "கட்டுல ஒரு நிறம், குத்துனா ஒரு நிறம்" என்பாள். "டியூப் லைட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும்லா" என்பாள். அதற்குள் வாங்க வந்தவரின் பஸ் போயிருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

ஒருமுறை பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவை, பச்சை சேரவில்லை என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த சனத்தைத் திருப்பி அனுப்பவா சம்பளம் கொடுக்கிறேன் என்று கேட்டார். தனம் குரலை உயர்த்தவில்லை. "நீங்க வேணா வித்துக்குங்க, மொதலாளி. நான் பார்த்தேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். திமிர் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் கொஞ்சம் திமிர் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வந்தது செல்வியின் மயில் படம். புக்கிட் பெலிம்பிங் பெண். மாப்பிள்ளைக்கு ஊர் கோலா குபு பாரு. கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஜோடி மயிலைச் சுற்றிய சிவப்புக் கரையில், கீழே ஒரு சாண் மீதி இருக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது. அவள் வந்த நேரம் பிரெஞ்சு சிவப்பு இல்லை. தனம் சாப்பிடப் போயிருந்தாள். வெளியே நல்ல மழை. நான் அட்டவணையைப் பார்த்து வேறு கம்பெனி நூலை எடுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே அவள் கொண்டுவந்த துண்டு இழையோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

"தனம் அக்கா பார்த்தாங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"பார்த்தாச்சு. அவ சொன்ன நம்பர்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதே மேசையில் அதே சம்பளத்துக்கு நானும்தான் நின்றேன். வருகிறவர்கள் எல்லாரும் தனம் பார்த்தாளா, தனம் பார்த்தாளா என்று கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது.

பத்து நாள் கழித்து செல்வியின் அம்மா படத்தைக் கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் விரித்தார். மேலே குங்குமச் சிவப்பு. கீழே ஒரு சாண் மட்டும் செங்கல் நிறம். அவர் கத்தவில்லை. "தனம், நீ பார்த்ததுன்னு சொல்லித்தானே எம்மவ நம்பி வாங்குனா. சம்பந்தி வீட்டுல இத எப்படிலா மாட்டுறது?" என்றார். தனம் துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

"குடுங்க. பிரிச்சுத் தச்சுத் தரேன்" என்றாள் தனம்.

செங்கல் நிறத்தை மட்டும் பிரித்தால் போதாது என்றாள். அதற்கு மேலே நல்ல சிவப்பிலும் கொஞ்சம் பிரித்து, அந்த இழைகளைப் பத்திரப்படுத்திக்கொண்டாள். வெயிலில் பார்த்துப் பொறுக்கிய புது நூலில் ஓர் இழை, பழையதில் ஓர் இழை என்று ஊசியில் கோத்து இடையில் சில வரிசைகள் தைத்தாள். அதன் பிறகுதான் முழுப் புதுச் சிவப்பு. எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்பது நாள், சாப்பாட்டு நேரம் முழுவதும், அவளும் செல்வியும் அஞ்சடியில் உட்கார்ந்து தைத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மழைன்னா என்ன? விடுற வரைக்கும் அவள நிக்கச் சொல்றதுக்கென்ன?" பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ரவாங்குக்கு வேலை மாறும்வரை மூன்று வருடம், ஒரு கட்டுச் சிவப்பு நூலைக்கூட என்னை விற்க விடவில்லை. "சிவப்பு கேட்டா என்னைக் கூப்பிடு" என்பாள், எல்லார் முன்னாலும். ஒரு தடவை தப்பியதால் எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று சனங்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் பேச விட்டேன்.

புதன்கிழமை சாவு வீட்டுக்கு செல்வி தன் சின்ன மகளோடு வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "அக்காவுக்கே ஒரே ஒரு தடவ கண்ணு தப்பிருச்சு, என் மயிலுக்கு. ஆனா ஒக்காந்து தச்சுக் குடுத்தாங்க பாருங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். உள்ளே தனம் படுத்திருக்க, வெளியே நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

செல்வி, அன்று தனம் சாப்பிடப் போயிருந்தாள். அந்த நூலை அவள் பார்க்கவே இல்லை. பார்த்ததாகச் சொன்னவள் நான். அவளைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவள் நினைவாக ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். அவள் பெயரில் இருந்த அந்த ஒரு தவறை நான் வைத்துக்கொள்கிறேன்.