மைக்கில் பேசிய தமிழ்

மைசூரில் நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்தபோது ஊருக்கு வெளியே புதிதாகத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா ஒன்று வந்தது. கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களுக்கு அங்கே பயிற்சி தருவார்களாம். சீருடை, மதியச் சாப்பாடு, முடிவில் ஒரு சான்றிதழ். எனக்கு வெறியே பிடித்துவிட்டது. காலேஜும் வீடும் தவிர வேறெதையும் பார்க்காதவள் நான்.

அப்பா தையல்காரர். தேவராஜ மொஹல்லாவில் சொந்தக் கடை வைத்திருந்தார். பலகையில் கன்னடத்துக்குக் கீழே தமிழிலும் பெயர் எழுதியிருந்தது. நான் பள்ளியில் படித்தபோது வந்த காவிரிக் கலவரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மெஷின்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். அப்புறம் அப்பா இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைத்தார். எங்களை ஊரின் மறு கோடிக்குக் குடிமாற்றினார். அங்கே நாங்கள் சாமராஜநகர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். தமிழ் வீட்டுக்குள் மட்டும், அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. நல்லவேளை, அப்பா, அம்மா என்ற வார்த்தைகள் இரண்டு பாஷைக்கும் பொது. இல்லாவிட்டால் வாசலில் நின்று அவர்களைக் கூப்பிடவே முடிந்திருக்காது.

நேர்முகத் தேர்வு பூங்காவிலேயே நடந்தது. எல்லோரையும் ஒரு கொட்டகையில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். என் ஆங்கிலம் இரண்டாவது வாக்கியத்திலேயே படுத்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். கடைசியில் மேலாளர் எழுந்தார். ஊட்டிக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் அப்படியே இங்கேயும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், மைக்கில் அறிவிப்புச் செய்யத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும், யாருக்காவது தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் மேல்கோட்டைக் குடும்பத்துப் பெண். அவள் அம்மா அவளைத் தமிழில் வாங்கு வாங்கென்று வாங்கியதை பஸ் ஸ்டாண்டில் நானே கேட்டிருக்கிறேன். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். அதுவும் தெரிந்துதான் கையைத் தூக்கினேன்.

"நம் மனேலி தமிளு, சார்," என்றேன். எங்கள் வீட்டில் தமிழ் என்று வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார். "சின்னப் பிள்ளைங்களை ஆழமான பக்கம் விடாதீங்க," என்றேன். பூங்கா முழுக்க என் குரல் கேட்டது. அப்படி ஒரு சந்தோஷம். அங்கேயே என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. "நம்ம தெரு ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒருத்தி இருந்தாப்பா."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போய், காலி பண்ணுகிறோம் என்றார். அந்தம்மா காரணத்தைச் சொன்னால்தான் ஆச்சு என்றாள். கடைசியில் நாங்கள் தமிழர்கள் என்று அப்பா தலைகுனிந்து சொன்னார். அந்தம்மா சிரித்துவிட்டாள். நீங்கள் குடிவந்த வாரமே தெரியும், தெருவுக்கே தெரியும், இதற்காகவா போவார்கள், பேசாமல் இருங்கள் என்றாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

அப்பா முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தார். "எல்லாருக்கும் தெரியுமாம்," என்றார் அம்மாவிடம். "தெரியாதுன்னு நெனச்சுத்தானே இத்தனை வருஷம் தூங்கினேன்."

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம்.

புது வீட்டிலிருந்து பயிற்சிக்குப் போனேன். அப்பாமேலும் கோபம், மெஷினைக் கொளுத்தியவர்கள்மேலும் கோபம். பகலெல்லாம் மைக்கில் தமிழில் கத்தினேன். கோயம்புத்தூர்க்காரர்களும் ஈரோட்டுக்காரர்களும் தண்ணீரில் நின்றபடி கையாட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா, "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பார். நான் தமிழில் பதில் சொன்னால் எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் கதவைச் சாத்தினாலும் அவர் தமிழ் பேசவில்லை. பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் நினைவு தப்பும் நேரத்திலும், என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கன்னடத்தில் "நீரு" என்றுதான் கேட்டார்.