குறுக்கே வெட்டாத காடிகள்

அப்பா தரைக்குக் கல் பதிப்பவர். சிமென்ட் குழைக்கும் முன் கற்களை வெறுமனே பரப்பி, நிறமும் ரேகையும் பொருந்தும்வரை மாற்றி மாற்றி வைப்பார்.

"மேஸ்திரி, கல்லு வைக்கிறீங்களா, சீட்டு ஆடுறீங்களா?" என்பார் கூட்டாளி.

"சீட்டுல தோத்தா காசு போகும். இதுல தோத்தா அடுத்தவன் இடுப்பு போகும்."

பளபளப்பு என்றாலே அவருக்குப் பயம். சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலுடன் நடந்து பார்ப்பார். குளியலறைக்குத் தீயில் வாட்டிய சொரசொரப்பான கல்தான். படி விளிம்பைக் கூராக விடமாட்டார். உள்ளங்கையால் தடவித் தடவி மழுக்குவார்.

நான் கட்டடப் பொறியாளர். பிரசவ மருத்துவமனை ஒன்றின் வாசல் சரிவுக்குப் படம் போட்டது நான். மெருகேற்றிய கருங்கல், தண்ணீர் வடிய, மேலிருந்து கீழாகக் கல்லில் வெட்டிய பள்ளக் கோடுகள், காடிகள். பதித்தவர் அப்பா.

"தண்ணி வடியும்மா. கால் எதுல பிடிக்கும்? காடியைக் குறுக்கால வெட்டணும்."

"கணக்குப் போட்டுத்தான் வரைஞ்சிருக்கேன்பா."

தண்ணீருக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

என் கையெழுத்துள்ள திருத்திய படம் இல்லாமல் அந்தக் கல்லை யாரும் தொட முடியாது. பிறகும் இருமுறை கேட்டார். நான் போட்டுத் தரவில்லை.

அன்றிலிருந்து மழை வந்தால் அவர் மடியில் நெருப்பு. வானம் கறுத்ததும் கோணிச் சாக்குகளோடு ஓடிப்போய்ச் சரிவில் விரிப்பார். வயிற்றைத் தாங்கி வரும் ஒவ்வொருத்திக்கும் கை நீட்டுவார்.

"பெரியவரே, மழைக்கு முன்னாடி நீங்க வந்துடுறீங்களே!" என்று காவலாளி சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார், கண் மட்டும் அந்தப் பெண்களின் குதிகாலில் இருக்கும்.

"இதுவரைக்கும் யாராவது விழுந்தாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அது விழுந்தப்புறம் கேக்க வேண்டிய கேள்விம்மா."

போன மாதம் மாரடைப்பு. போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. சாக்குகளோடு நான் போய்ச் சேர்வதற்குள் கல் நனைந்துவிட்டது. நிறைமாதப் பெண் ஒருத்தி பாதிச் சரிவில் இருந்தாள். அவள் குதிகால் காடியின் வழியே ஓரடி வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"நல்லவேளைக்கா, ஒண்ணும் ஆகல" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் சாக்குகளை விரித்தேன்.

அன்றே படத்தைத் திருத்தினேன். காடிகள் குறுக்காக, இரண்டு அங்குல இடைவெளியில். வரைய இருபது நிமிடம் ஆனது.

வரும் திங்கட்கிழமை வெட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. இன்று வியாழன். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. சாக்குகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.