மாடியில் ஃபைபர், கீழே கேபிள்

வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் வேலையில் என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: கம்பத்தில் ஏறுவது சுலபம், இறங்கியதும் "எது நல்லது?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் திருத்தணியில் ஒரு கேபிள் டிவிக்காரரிடம் இருந்தேன். டிவி வரும் வயரிலேயே இன்டர்நெட்டும் கொடுத்துவந்த முதலாளி, மலையடிவாரத்தில் ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் ஃபைபர் போட்டுப் பார்த்தார்.

எது நல்லது?

அந்தத் தெருவில் கீழ் வீடு சுப்பராயனுடையது. மலைக்கோயிலில் பரம்பரையாகச் சமையல் செய்யும் குடும்பம். மாடியில் அவருடைய அக்காவும், அவர் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா கணவர் தேவராஜும் இருந்தார்கள். சுப்பராயனின் மகள் கல்பனாவுக்கு சிங்கப்பூர் வரன் வந்திருந்தது. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்பனாவோ, "மூஞ்சியைப் பாத்துப் பேசாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றுவிட்டாள். ஞாயிறு மாலை கம்ப்யூட்டரில் பார்ப்பதென்று முடிவாயிற்று.

கேபிள் இணைப்பு வைத்திருந்த சுப்பராயன், ஃபைபர் வாங்கலாமா என்று கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். கேபிளுக்குள் செம்புக் கம்பி. அதைத் தெருவே பங்குபோட்டுக்கொள்கிறது. சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்தால் வேகம் குறையும். ஃபைபருக்குள் தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகிறது. வேகம் அதிகம், ஆனால் மடக்கினால் உடையும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஆங், புரிஞ்சிதுங்க. பாவா வாங்கட்டும். நல்லா இருந்தா நான் மேல போய்ப் பாத்துக்கறேன்."

பல்லால் ஒரு வேலை

பாவா வாங்கினார். தேவராஜ் ஆடிக் கிருத்திகைக்கு சீரியல் விளக்குக் கட்டிப் பழகியவர். எந்த வயரையும் பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை இன்டர்நெட் பெட்டியை ஹாலுக்கு மாற்றுவதற்காக ஃபைபரை வெட்டி, வழக்கம்போல் ஒட்டுப்போட உட்கார்ந்தார். நான் போனபோது, கடித்த முனையை ஜன்னலோரம் பிடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

இதை முறுக்க முடியாது, உருக்கித்தான் ஒட்டவேண்டும், அதற்கான மெஷின் சென்னையிலிருந்து ஞாயிறு சாயங்காலம்தான் வரும் என்றேன். மாடிப்படியில் நின்ற கல்பனாவின் முகம் மாறியது. தேவராஜ் அசரவில்லை. "உள்ள கம்பியே இல்லப்பா! வெறும் தோலைக் கட்டிட்டுப் போயிட்டு, என்னையா குத்தம் சொல்லிக்கினு இருக்கே?"

தெருவே வந்தது

வேறு வழியில்லாமல், ஞாயிறு மாலை கீழ் வீட்டுக் கேபிளிலேயே தொடங்கினார்கள். வணக்கம் சொல்ல வாயைத் திறந்த மாப்பிள்ளை திரையில் அப்படியே உறைந்துவிட்டார். "பையன் லட்சணமாத்தான் இருக்கான். வாயை எப்போ மூடுவான்?" என்றார் கல்பனாவின் அத்தை.

நான் வீடு வீடாக ஓடினேன். "கொஞ்ச நேரம் இன்டர்நெட்டை நிறுத்துங்க, கல்பனா மாப்பிள்ளை பாக்குது" என்று கெஞ்சினேன். எல்லாரும் சந்தோஷமாக நிறுத்தினார்கள். படம் ஓடத் தொடங்கியது. ஆனால் நிறுத்தியவர்கள் அத்தனை பேரும் சுப்பராயன் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் கல்பனாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுப்பா, உயரம் பாக்கணும்" என்றார். கல்பனாதான் எழுந்தாள். "நீங்களே பேசிக்கினு இருங்க. கல்யாணத்தையும் நீங்களே பண்ணிக்குங்க."

பொங்கிய பால்

அதற்குள் சென்னை ஆட்கள் மெஷினோடு வந்து மாடியில் இழையை ஒட்டி முடித்திருந்தார்கள். கல்பனா மேலே போய் உட்கார்ந்தாள். கதவோரம் அவள் அப்பா, பெட்டியருகில் நான், வேறு யாருமில்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால் அடுப்பில் பால் ஏறுவதுகூடத் தெரிந்தது. சுப்பராயன் பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தார். நுரை விளிம்புக்கு வந்ததும், "தம்பி, பாலு!" என்று கத்தியேவிட்டார்.

மாப்பிள்ளை பாய்ந்து போய்த் தீயைக் குறைத்து, கரண்டியால் துழாவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கல்பனா கேட்ட முதல் கேள்வி, "பால் யாருக்கு?"

"ரூம்ல ஒருத்தருக்கு ஜுரம். கஞ்சி இறங்கலை. பாலாவது குடிக்கட்டும்னுதான்."

கல்பனா திரும்பி அப்பாவைப் பார்த்து, சரி என்று தலையசைத்தாள். அவர் என் காதருகே குனிந்தார். "அணைக்கல பாத்தீங்களா, தீயைக் குறைச்சான். இது கேபிள்ல தெரிஞ்சிருக்குமா?"

அன்றுமுதல் கேபிளா ஃபைபரா என்று யார் கேட்டாலும், வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அடுத்தவர் அடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ஃபைபர் வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.