சசி போட்ட ரீமேப்பும் நான் போட்ட ரிவ்யூவும்

சசி இறந்துவிட்டான். நேற்று முன்தினம் காலை, கூலாய் ஊரில் தன் கடை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம்... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

முப்பத்தெட்டு வயது. என்னைவிட ஏழு வயது சின்னவன். இதெல்லாம் சாகிற வயதா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, பெட்ரோல் எவ்வளவு, டர்போ எவ்வளவு என்று மாற்றி எழுதி, இன்ஜினுக்குக் கூடுதல் பலம் கொடுப்பதுதான் ரீமேப். அதுதான் சசியின் தொழில்.

இரண்டு வருஷம் முன்னால் என் ஹாட்ச்பேக்கை அவனிடம் கொண்டுபோனேன். சின்ன கார், பெரிய டர்போ, நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த கிறுக்கு. என் மனைவி இன்றுவரை அதை "உங்க சின்ன வீடு" என்றுதான் சொல்வாள்.

அவன் வேலை செய்யும் விதமே தனி. காரை ஓனர்தான் ஓட்ட வேண்டும். அவன் பக்கத்து சீட்டில்... மடியில் ஒரு பழைய துண்டு, துண்டின் மேல் லேப்டாப். ரேடியோ கூடாது, ஏர்கான் கூடாது, வெட்டிப் பேச்சும் கூடாது.

பண்டார் தெங்காரா போகும் வழியில், இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரு நேர் ரோடு. மூன்றாவது கியரில் மிதிக்கச் சொல்வான், விடச் சொல்வான், ஏதோ தட்டுவான், மறுபடி மிதிக்கச் சொல்வான்.

முதல் தடவை மிதித்ததுமே ஸ்க்ரீனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினான். பெட்ரோல் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டான்.

அந்த மாதிரி காருக்கு 97 என்கிற உசத்தி ரகப் பெட்ரோல் போட வேண்டும். நான் வாங்கிய நாளிலிருந்து போட்டது 95, விலை குறைவு என்று. ஆனால் பின் சீட்டில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, உட்கார்ந்திருந்தான். நம்ம கார் 97 மட்டும்தான் குடிக்கும் என்று அவனிடம் ஒரு வருஷமாகப் பந்தா விட்டு வைத்திருந்தேன்.

"97தான் தம்பி. எப்பவும் 97," என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

சசி என்னைப் பார்த்தான். திரும்பி மச்சானையும் ஒரு தடவை பார்த்தான். சரிண்ணே என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன்... ஐயோ, வேறு கார். இரண்டாயிரத்து ஐநூறு ஆர்பிஎம் தாண்டியதும் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தியது. லாரியை முந்தக் கியரைக் குறைக்கவே வேண்டியதில்லை. ஐயாயிரத்துக்கு மேல் மட்டும் இழுவை மெல்ல அடங்கியது.

ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் அனுப்பினான். எனக்கு ஏது பொறுமை? பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சாவியை மாட்டிய கையோடு, ஆன்லைனில் எங்கள் கார் ஓனர்ஸ் குரூப்பில் டிரைவிங் இம்ப்ரெஷன் என்று முழ நீளத்துக்கு எழுதினேன். மிட்ரேஞ்ச் ஓகே, டாப் எண்ட், அதாவது ஐயாயிரத்துக்கு மேல், வீக், ட்யூனருக்கு இன்னும் அனுபவம் வேண்டும்... இப்படி முடித்தேன்.

லைக் குவிந்தது. சசியிடம் புக்கிங் கொடுத்திருந்த இரண்டு பேர், அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று கீழேயே எழுதினார்கள்.

சசி ஒரே வரிதான் போட்டான். நன்றிண்ணே, டைம் கிடைச்சா கொண்டாங்க, பார்க்கலாம்.

சில மாதம் கழித்து, அதே கார் வைத்திருந்த மூவார் ஊர் நண்பர் ஒருவருடைய இன்ஜின் போனது. வேறு ஒருவர் 97க்கு எழுதிக் கொடுத்த மேப், இவர் ஊற்றியது 95. பிஸ்டன் உடைந்துவிட்டது. நான் நேராக சசியிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன்.

சிரித்தான். "எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. மொத தடவ மிதிச்சப்பவே மட்டப் பெட்ரோல்ல இன்ஜின் தட்டுனது லேப்டாப் லாக்ல வந்துடுச்சு. அதான் மேல் ஆர்பிஎம்ல பவர கொறைச்சு, 95க்கே எழுதி வச்சேன். நீங்க பயப்படாம ஓட்டுங்க."

குரூப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த ஒரு விஷயத்தைப் போட்டிருந்தால் என் வாய் அடைத்திருக்குமே.

"உங்க மச்சான் அந்த குரூப்ல இருக்காருல்ல. அவர் முன்னால உங்கள எப்படிண்ணே..." என்று இழுத்தான். பிறகு எனக்குப் பால் ஊற்றாத தே ஓ சொல்ல எழுந்து போய்விட்டான்.

ரிவ்யூவைத் திருத்திவிடுகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். பரவால்ல லா என்றான். நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிட்டேன். மச்சான் கேலி செய்வானே என்கிற ஒரே காரணம்... அவ்வளவு அல்ப மனசு எனக்கு.

அதற்குப் பிறகும் அவ்வப்போது மெசேஜ் வரும். ஆயில் மாத்திட்டீங்களாண்ணே, ப்ளக் பார்த்தீங்களாண்ணே என்று. என் மேல் அவனுக்குக் கடைசி வரை கோபமே வரவில்லை.

நேற்று சாவு வீட்டுக்குப் போனேன். வெளியே கூடாரத்தில் குரூப் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். அதில் ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். "நல்ல பையன். டாப் எண்ட் மட்டும் கொஞ்சம் வீக்குன்னு சொல்வாங்க. மத்தபடி தங்கம்."

உள்ளே அவனைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவன் பொண்டாட்டி அழுகிற சத்தம் வெளியே வரை கேட்கிறது. இங்கே என் வார்த்தையைப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்... அப்போதும் நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அந்தப் பழைய பதிவை அழித்தேன். ஆனால் படித்தவர்கள் மனசிலிருந்து அதை எப்படி அழிப்பது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மச்சான், நீயும் படி.

நான் போட்டது 95. பொய் சொன்னது நான். டாப் எண்ட் வீக்காக இருந்ததற்குக் காரணம் நான். இரண்டு வருஷமாக என் இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுவதற்குக் காரணம் சசி.

நீ உயிரோட இருந்து படிக்கிறப்பவே இதை எழுதியிருக்கணும் தம்பி... எழுதல. மன்னிச்சிடு.

போய்ட்டு வா, சசி.