மண்ணாங்கட்டி பெயரில் நாற்பத்தாறு

கீழ்பென்னாத்தூர் பேருந்திலிருந்து இறங்கும்போது பரசுராமன் சாரின் கையில் எப்போதும் ஒரு பழைய செய்தித்தாள் கட்டு இருக்கும். உள்ளே, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையின் இலைகள், ஒவ்வொன்றிலும் கரும்புள்ளி. அவர் எங்கள் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். அந்தப் புள்ளி நோய்தான் அவருடைய ஆராய்ச்சி. நான் அங்கே நூலக உதவியாளர். இலைகளை அழுத்திக் காயவைக்கத் தடித்த அகராதிகளை என்னிடம் கேட்டு வாங்குவார். ஒரு கறை இல்லாமல் திருப்பித் தருவார்.

இரண்டாயிரமாவது ஆண்டில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டியாகும் அங்கீகாரம். வள்ளி என்ற மாணவி அவரிடம் சேரக் காத்திருந்தாள். அவளை வீட்டில் சென்னைக்கு அனுப்பமாட்டார்கள். இவருக்கு அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு எம்.எஸ்சி.யோடு நின்றுவிடும். பல்கலைக்கழகம் அந்த ஆண்டு புதிய படிவம் ஒன்றை அனுப்பியிருந்தது. உங்கள் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், நீங்கள் யாருடன் சேர்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். குறைந்தது இருபது மேற்கோள் வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளச் சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய், செங்கல் கனத்தில் இருக்கும் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். ஆறு விரிவுரையாளர்களுக்காக நான் போய்ப் பார்த்து வந்தேன். பரசுராமன் எம். என்ற பெயருக்கு எதிரே மூன்று இருந்தன. அதில் ஒன்று அவரே தன்னை மேற்கோள் காட்டியது.

"மூணா? ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார். பிறகு, "சரிம்மா, இருக்கறதுதானே இருக்கும்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் அலுவலக எழுத்தர் சரவணகுமார் ஓர் அஞ்சல் அட்டையை ஆட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார்.

"மேடம், இதப் பாருங்க. டாக்டர் பி. மண்ணாங்கட்டியாம்! யாரு அது, நம்ம பிரின்ஸ்பாலா?"

சூடானிலிருந்து வந்த அட்டை. 1989இல் வெளியான நிலக்கடலைக் கட்டுரை ஒன்றின் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தது.

"இதுக்கு முன்னாடியும் வந்திருக்கா?"

"வருஷத்துக்கு நாலஞ்சு வரும். கடலை சமாச்சாரம்னு பரசுராமன் சார்கிட்ட குடுப்பேன், யாருன்னு சொல்லாம வாங்கிட்டுப் போயிடுவாரு."

நான் அட்டையை அவரிடம் கொண்டுபோனேன். வாங்கி, எழுத்து வெளியே தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

"எங்கப்பா பேரும்மா" என்றார்.

அந்த வெளிநாட்டு இதழின் படிவத்தில் முதலெழுத்து மட்டும் போடக்கூடாது, முழுப் பெயரும் வேண்டும் என்று இருந்ததாம். பரசுராமன் மண்ணாங்கட்டி என்று எழுதி அனுப்பினார். கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் பி. மண்ணாங்கட்டி என்று அச்சிட்டுவிட்டார்கள். பள்ளியில் ஒரு வாத்தியார் 'எம்' என்றால் என்னவென்று கேட்டு, பதிலைச் சொல்லவைத்து, வகுப்பையே சிரிக்க வைத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்த ஓரெழுத்து போதும். அட்டை அனுப்பியவர்களுக்கெல்லாம் பிரதி அனுப்பினார். கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி சென்னைக்குப் போனேன். மண்ணாங்கட்டி பி. என்ற பெயருக்கு எதிரே நாற்பத்தாறு இருந்தன.

இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் வேண்டும், தந்தை பெயருக்கு அத்தாட்சியும் வேண்டும் என்றது பல்கலைக்கழகம். பரசுராமன் சார் பத்திரம் எழுதப் போகாமலே பத்து நாள் ஓடியது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, "மூணையே குடுத்துடலாமா?" என்றார்.

பக்கத்தில் நின்ற வள்ளி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சிரிக்கப் போறவங்க இங்க நாலு பேரு சார். அங்க நாப்பத்தாறு பேரு படிச்சிட்டு எழுதியிருக்காங்க."

மறுநாள் காலை, சொல்லியனுப்பிய பேரில், அடி அண்ணாமலையிலிருந்து பரசுராமன் சாரின் அப்பா ரேஷன் கார்டோடு நூலகத்துக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்மேல எதுனா கேஸாம்மா?"

"இல்லீங்க" என்று நான் வரைந்து வைத்திருந்த தாளைக் காட்டினேன். நடுவில் ஒரு வட்டம். சூடான், அர்ஜென்டினா, நாக்பூர் என்று அதை நோக்கிக் கோடுகள். "இவங்கல்லாம் உங்க பேரச் சொல்லி எழுதியிருக்காங்க."

"எதப் பத்தி?"

"மல்லாட்டைச் செடியில புள்ளி விழுதே, அதப் பத்தி."

"அதுலதான் எனுக்கு மூணு வருஷம் வெள்ளாமை முட்டாப் போச்சு. என்னியப் போயி கேக்கறாங்களா?" பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். "எழுதனது நீ. பேரு எனுக்கு வந்துட்சி. பத்திரத்தக் கொண்டா, அத்தினியும் உம்பேருக்கே மாத்தி ரேகை வெச்சுத் தரேன்."

"பங்கு பிரிக்கறதுக்கு இது நெலமாப்பா?"

பெரியவர் தாளை விடவில்லை. கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "எனுக்கு முன்ன பொறந்தது மூணும் தங்கல. இதுவாச்சும் எமன் கண்ணுல படாம இருக்கட்டும்னு வெச்ச பேரு இது. இத்தினி பேரு கண்ணுல பட்டுட்சேடா!"

பரசுராமன் சார் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வள்ளியும் நானும் உடன் போனோம், பெரியவரும் வந்தார்.

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக்காரர் மெஷினில் தாளைச் செருகினார். பல்கலைக்கழகம் அனுப்பிய மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"இனிமே கட்டுரைல என்னா பேரு சார் போடுவீங்க?"

இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். பரசுராமன் சார் தொண்டையைச் செருமினார். பிறகு சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, "மண்ணாங்கட்டி" என்றார்.

தட்டச்சுக்காரர் கையை எடுத்துவிட்டார். "கேட்டதுக்கு ஏன் சார் கோச்சுக்கிறீங்க?"

முதலில் சிரித்தது பெரியவர்தான். பிறகு மகனும் சிரித்தார். "கோவமில்லீங்க, அதான் பேரு. அடிங்க."

ஜூனில் அங்கீகாரம் வந்தது. வள்ளி சேர்ந்தாள்.