ஓய்வு நாளை ஒட்டி வந்த தலைவலி

முதலில் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு துடிப்பு. பிறகு வாந்தி. மலேசியாவின் கூலாய் நகரில் என் வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பிள்ளைகளைச் சத்தம் போடக்கூடாது என்று அதட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாளும் எழ முடியவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களைப் போன்ற ஒருத்தியை நான் நம்பவில்லை.

செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் லைன் லீடர் (ஓர் உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளர்). யாராவது எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால் உடனே நாட்காட்டியைப் பார்ப்பேன். ஓய்வு நாளை ஒட்டி விழுந்திருந்தால் பொய் என்று முடிவு கட்டிவிடுவேன். லைன் லீடர்களுக்குள் அது எழுதாத சட்டம். யோகேஸ் என்ற பெண்ணின் தலைவலி எப்போதும் அப்படித்தான் விழும். "எம்சி ராணி வந்துட்டாங்க" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வேன். அவளும் சிரித்துவைப்பாள். ஆண்டு மதிப்பீட்டில் ‘நடிக்கிறார்’ என்று எழுதினேன். அவளே படித்துக் கையெழுத்திட வேண்டிய தாள் அது. நிர்வாகம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

பிறகுதான் எனக்கே அந்தத் தலைவலி வந்தது. ஜோகூர் பாருவில் நரம்பியல் மருத்துவர் கேட்டார். "எப்ப வருது?"

"லீவு நாள்லதான் டாக்டர். வேலை நாள்ல ஒன்னும் இல்ல." சொல்லும்போதே கூசிப்போனேன்.

"நெறைய பேருக்கு அப்படித்தான் லா. டென்ஷன் எறங்குறப்பதான் பிடிக்கும்."

ஒற்றைத் தலைவலி என்றார். நியூரோபெப்டைடு (நரம்புகள் செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதத் துண்டு) பல வகையாம். ஒன்று வேலை நெருக்கடியில் உடம்பை முடுக்கிவிடும். இன்னொன்று மூளை உறையின் இரத்தக் குழாய்களை விரித்து வலியைக் கிளப்பும். வெளிச்சம் வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று நாம் முடங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டாம். நெருக்கடி தணியும்போது ஏன் தொடங்குகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார்.

வலியைக் கிளப்பும் அந்தத் துண்டைத் தடுக்கும் ஊசியை மாதம் ஒருமுறை போட்டார்கள். நான்காவது மாதம் வலி பாதியாகக் குறைந்தது. வெட்கம் குறையவில்லை. தம்போயில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்யும் யோகேஸை அழைத்தேன்.

"நான் செஞ்சது பெரிய தப்பு, யோகேஸ். மன்னிச்சிரு."

"பரவால்லக்கா."

"தலைவலி இப்ப எப்படி?"

"வருது. வாந்தி எடுத்துட்டு வந்து நிப்பேன். அங்கேருந்து வந்ததுக்கப்புறம் எம்சி எடுத்ததே இல்ல."

"டாக்டர பாக்கலியா?"

"இல்லக்கா. நான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சி."

என் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டேன்.

"லீவு கேக்கணுமேக்கா" என்றாள். இன்னும் அவள் லீவு கேட்கவில்லை.

இப்போது ஓய்வு நாளில் கண் விழித்ததும் அசையாமல் கிடந்து தலையைக் கவனிக்கிறேன். பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அந்தக் காலை நேரத்தை எனக்குரியதாக நினைக்க முடியவில்லை. அதே நேரத்தில் தம்போயில் அவள் வாயைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.